பாரிடோன் சாக்ஸபோன் வாங்கப் போறீங்களா? பட்ஜெட்டுக்குள்ள நல்லதாப் பார்த்து வாங்க ஒரு கைடு!

நியூயார்க் சுரங்க ரயில் நிலையம். கலர் அடித்த தலைமுடியோடு ஓர் இளைஞர், பாதி ஆள் உயரத்துக்கு ஒரு சாக்ஸபோனை மாட்டிக்கொண்டு, ஆடிக்கொண்டே வாசிப்பார். 'டூ மெனி ஸூஸ்' குழுவின் லியோ பி. 2014-ல் வைரலான அந்த வீடியோ உங்க ஃபீடிலும் என்றைக்காவது வந்திருக்கும். 2017-ல் லண்டனில் பிபிசி ப்ராம்ஸ் மேடையேறி, சார்லஸ் மிங்கஸின் 'மோனின்' வாசித்தவரும் இவர்தான். அவர் கையில் இருப்பது பாரிடோன் சாக்ஸபோன். 'சிம்ப்ஸன்ஸ்' கார்ட்டூனில் குட்டிப் பொண்ணு லிசா வாசிப்பதும் இதே ஜாதிதான்.

அந்த அடிவயிற்று உறுமலைக் கேட்டுவிட்டு, 'எனக்கும் ஒண்ணு வேணும்' என்று தேட ஆரம்பித்தால் முதலில் வருவது ஷாக். மாணவர்களுக்கு என்று செய்யப்படும் நல்ல பிராண்டு பாரிடோனே அமெரிக்கக் கடைகளில் 5,000 டாலருக்கு மேல் போகிறது. நம்ம ஊர்க் காசில் பல லட்சம். அடுத்த நிமிஷமே, அதில் பாதிகூட இல்லாத விலையில் பளபளவென ஒன்று கண்ணில் படும். கை தானாக 'பை' பட்டனுக்குப் போகும். கொஞ்சம் பொறுங்க!

'எனக்கு மூச்சு பத்தல' என்பது உண்மையா?

சாக்ஸபோனில் 20-க்கும் மேற்பட்ட துளைகள். ஒவ்வொன்றையும் தோல் போர்த்திய வட்டமான பேட் ஒன்று மூடும். ஏதாவது ஒரு பேட் முடி அளவு இடைவெளி விட்டாலும் காற்று கசியும். கசிந்தால் கீழ் ஸ்வரங்கள் வராது. வந்தாலும் திக்கித் திணறும். பாரிடோனில் குழாயும் பெருசு, பேடும் பெருசு. அதனால் கசியும் வாய்ப்பும் அதிகம்.

இதில் பாவம் யார் என்றால், புதிதாகக் கற்பவர்தான். பல வருஷம் வாசித்தவர் ரெண்டு ஊது ஊதியதும் 'இதுல லீக் இருக்கு' என்று கீழே வைத்துவிடுவார். கற்றுக்கொள்பவருக்கு அது தெரியாது. 'என் நுரையீரல் வீக்', 'எனக்கு இது செட் ஆகாது' என்று தன்மேலேயே பழி போட்டுக்கொள்வார். வீட்டில் கஷ்டப்பட்டு வாங்கிக் கொடுத்த வாத்தியம் ஆறே மாதத்தில் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

அதனால் இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான்: பிராண்டு, பளபளப்பு எல்லாவற்றுக்கும் முன்னால், கசிவில்லாத கண்டிஷனுக்குக் காசைக் கொடுங்க.

முதல்ல ஆல்ட்டோவா, நேரா பாரிடோனா?

பெல்ஜியத்தில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் பாரிஸில் காப்புரிமை வாங்கியபோதே, சாக்ஸபோனை ஒரு குடும்பமாகத்தான் வடிவமைத்தார். சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாரிடோன் எல்லாவற்றுக்கும் விரல் வைக்கும் முறை ஏறத்தாழ ஒன்றுதான். அதிலும் ஆல்ட்டோவும் பாரிடோனும் 'இ ஃபிளாட்' வாத்தியங்கள். ஆல்ட்டோவுக்கு எழுதிய நோட்ஸை அப்படியே வைத்து பாரிடோனில் வாசிக்கலாம். ஓர் ஆக்டேவ் கீழே கேட்கும், அவ்வளவுதான்.

நம்ம காதுக்குப் பழகிய சாக்ஸபோன் ஆல்ட்டோதான். நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்த கத்ரி கோபால்நாத், கர்னாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தது ஆல்ட்டோவைத்தான். 1994-ல் வந்த 'டூயட்' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் நாம் கேட்டதும் அவர் வாசிப்பையே.

கைக்கு ஒரு நல்ல பாரிடோன் கிடைக்கவில்லை என்றால், ஒரு வருஷம் ஆல்ட்டோவில் பழகுங்க. விலையும் குறைவு, வாத்தியாரும் எளிதாகக் கிடைப்பார். கற்ற எதுவும் வீணாகாது. பாரிடோனுக்கு மாறும்போது காற்றின் அளவும் உதடு வைக்கும் விதமும்தான் மாறும். அமெரிக்கப் பள்ளிகளிலும் பெரும்பாலான மாணவர்கள் ஆல்ட்டோவில் தொடங்கித்தான் இதற்கு மாறுகிறார்கள். வாத்தியத்தையே அங்கே பல பள்ளிகள் சொந்தமாக வாங்கி, மாணவர்களுக்குக் கொடுக்கின்றன. நீங்க இருக்கும் கல்லூரியிலோ, சர்ச் பேண்டிலோ, இசைப் பள்ளியிலோ ஒன்று சும்மா கிடக்கிறதா என்று முதலில் விசாரிங்க. அதைவிட மலிவானது எதுவும் இல்லை!

'லோ ஏ' இருக்கா, இல்லையா?

பாரிடோன் வாங்கும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது இது. பழைய பாரிடோன்கள் 'லோ பி ஃபிளாட்' வரைதான் இறங்கும். இன்றைய மாடல்கள் பெரும்பாலும் இன்னும் ஒரு படி கீழே, 'லோ ஏ' வரை போகும். காதில் விழுவது சுமார் 65 ஹெர்ட்ஸ். பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் பெஞ்சே அதிரும்.

இப்போது பேண்டுகளுக்கும் சாக்ஸபோன் குவார்ட்டெட்டுகளுக்கும் எழுதப்படும் இசையில் இந்த 'லோ ஏ' அடிக்கடி வரும். அப்படிக் குழுவில் வாசிப்பதுதான் திட்டம் என்றால், இந்தக் கீ உள்ளதையே தேடுங்க. நண்பர்களோடு ஜாஸ், சினிமாப் பாட்டு வாசிக்கத்தான் என்றால் 'லோ பி ஃபிளாட்' தாராளமாகப் போதும். எடையும் கொஞ்சம் குறையும், செகண்ட் ஹேண்டில் விலையும் இறங்கிவரும். ஜாஸ் மேதை ஜெர்ரி மல்லிகன் வாசித்துப் புகழ்பெற்றது, 'லோ பி ஃபிளாட்' வரை மட்டுமே போகும் பழைய கான் பாரிடோனில்தான்.

மூணு வழி இருக்கு

1. செகண்ட் ஹேண்டில் தெரிந்த பிராண்டு: பட்ஜெட் மாணவருக்கு என் முதல் சிபாரிசு இதுதான். ஜப்பானின் யமஹா (ஒய்.பி.எஸ்-52), தைவானின் ஜூபிடர் போன்றவை பள்ளிகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. தடி அடி தாங்கும். உதிரி பாகம் கிடைக்கும். ரிப்பேர் செய்பவருக்கும் பழக்கமான கட்டமைப்பு. நாலு வருஷம் கழித்து விற்றாலும் போட்ட காசில் கணிசமான பகுதி திரும்ப வரும். ஆனால், பள்ளிகளில் இருந்து வெளியே வருபவை நிறைய அடிபட்டிருக்கும். பார்த்து வாங்கணும்.

2. புதுசு, ஆனா பேர் தெரியாத பிராண்டு: சீனாவில் இருந்தும் தைவானில் இருந்தும் வருவதெல்லாம் மோசம் என்று சொல்லவே மாட்டேன். தைவானின் ஹோலி பகுதி சாக்ஸபோன் தயாரிப்புக்கே பேர் போனது. ஆனால், மிக மலிவான மாடல்களில் கீயின் உலோகம் மெத்தென்று இருந்தால் லேசாக இடித்தாலே வளையும். இன்று சரி செய்தது அடுத்த மாதம் நழுவும். மூன்று கேள்வி கேளுங்க: இதை ரிப்பேர் செய்ய நம்ம ஊர்ப் பக்கம் ஆள் உண்டா? உதிரி பாகம் கிடைக்குமா? பிடிக்கவில்லை என்றால் திரும்ப எடுப்பார்களா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுடுங்க.

3. விண்டேஜ்: பழைய அமெரிக்கன் கான், புஷர் போன்றவை. சத்தம் அபாரமாக இருக்கும். ஆனால், கீகளின் அமைப்பு இன்றைய சாக்ஸ் போல இருக்காது. சின்ன விரல் படாத பாடு படும். ஸ்ருதி சேர, பொருத்தமான மவுத்பீஸ் தேடி அலையணும். பேட் எல்லாம் மாற்ற வேண்டியிருந்தால் அந்தச் செலவு வாத்தியத்தின் விலையையே எட்டிப் பிடிக்கும். அனுபவசாலிக்கு இது ட்ரெஷர். முதல்முறை வாங்குபவருக்குத் தலைவலி.

வாசிக்கத் தெரியாட்டியும் செக் பண்ணலாம்!

* கண்: வாத்தியத்தைக் கிடத்தி, குழாயின் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை பாருங்க. லேசாக வளைந்திருந்தாலும் கீகள் சரியாக உட்காராது. அடியில் 'யு' போல வளையும் பகுதியில் பெரிய பள்ளம் இருக்கிறதா? மேலே மாட்டும் நெக் கீழ்நோக்கி நெளிந்திருக்கிறதா? இதெல்லாம் விலை பேச வேண்டிய விஷயங்கள். பெயின்ட் போன மாதிரி லாக்கர் உரிந்திருப்பது மட்டும் கவலையே இல்லை. சத்தத்துக்கு அதனால் பாதிப்பு கிடையாது. விலை குறைய அது உங்களுக்கு நல்ல சாக்கு.

* கை: ஒவ்வொரு கீயையும் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டிப் பாருங்க. லொடலொட என்று ஆடினால் தேய்மானம் அதிகம்.

* வெளிச்சம்: யூஎஸ்பி-யில் எரியும் மெல்லிய எல்.இ.டி ஸ்ட்ரிப்பை (வீட்டுக் கரன்ட்டில் நேரடியாக எரிவது வேண்டவே வேண்டாம்) குழாய்க்குள் இறக்கி, அறையை இருட்டாக்குங்க. கீயை மென்மையாக மூடும்போது பேட் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தால், காற்றும் கசியும். ரிப்பேர் செய்பவர்கள் பயன்படுத்தும் லீக் லைட்டின் தத்துவமும் இதுதான்.

* ஊதல்: இதற்கு மட்டும் சாக்ஸ் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்க. நடு ஸ்வரத்தில் ஆரம்பித்து, அடி ஸ்வரம் வரை மெதுவாக, சன்னமாக இறங்கச் சொல்லுங்க. சத்தமாக ஊதினால் சின்னச் சின்ன லீக்கெல்லாம் மறைந்துவிடும்; சன்னமாக ஊதும்போதுதான் குட்டு வெளிப்படும். விரலை நசுக்கி அழுத்தினால்தான் ஸ்வரம் வருகிறது என்றால், அதுவும் லீக்தான். 'கடகட' என்று கேட்டால் முதலில் உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வாசிக்கச் சொல்லுங்க. அப்பவும் கேட்டால் பேட்தான் பிரச்னை.

* ஸ்ருதி: மொபைலில் ஒரு ட்யூனர் ஆப் போதும். கொஞ்சம் முன்பின் இருப்பது சகஜம். ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் ரொம்ப விலகி நின்றால், காரணம் கேளுங்க.

ஆன்லைனில் வாங்குகிறீர்களா? அடி ஸ்வரங்களை சன்னமாக வாசிக்கும் வீடியோ, சீரியல் நம்பர் தெரியும் போட்டோ, 'யு' வளைவின் க்ளோஸ்-அப் மூன்றையும் கேளுங்க. தரத் தயங்குபவரிடம் வாங்கத் தயங்குங்க. வெளிநாட்டில் இருந்து வரவழைத்தால் கப்பல் அல்லது விமானச் செலவு, சுங்க வரி இரண்டையும் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே 'சீப்' என்று சொல்லணும். இவ்வளவு பெரிய பார்சல் குலுங்கி வரும்போது கீகள் நழுவுவது சாதாரணம். வந்ததும் ஒரு செட்டிங் செலவு நிச்சயம்.

காசை முழுசா வாத்தியத்துலயே போட்டுடாதீங்க

கையில் இருக்கும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைங்க. எதற்கு என்றால்...

செட்டிங்: வாங்கியதும் ஒருமுறை ரிப்பேர்காரரிடம் காட்டி பேட், ஸ்ப்ரிங் எல்லாம் சரிபார்க்க. செகண்ட் ஹேண்ட் என்றால் இதற்கு எவ்வளவு ஆகும் என்று முன்பே கேட்டு, அதை வைத்து விலை பேசுங்க.

மவுத்பீஸ்: மலிவான சாக்ஸோடு இலவசமாக வருவது பல நேரம் சுமார்தான். யமஹா 4சி அல்லது 5சி மாதிரி சாதாரண மாணவர் மவுத்பீஸே பெரிய வித்தியாசம் காட்டும். சத்தமாகக் கேட்கும் என்று வாய் அகலமான ஜாஸ் மவுத்பீஸில் ஆரம்பிக்க வேண்டாம்.

ரீட்: நாகஸ்வரத்துக்குச் சீவாளி மாதிரி, சாக்ஸுக்கு ரீட். சீவாளி இரட்டை நாக்கு; இது ஒற்றை. பாரிடோன் ரீட் பெருசு, விலையும் கூடுதல். 2 அல்லது 2½ நம்பரில் ஆரம்பிங்க. மூன்று நான்கு ரீட்களை மாற்றி மாற்றி வாசித்தால் எல்லாமே கூடுதல் நாள் உழைக்கும்.

ஹார்னஸ்: பாரிடோனின் எடை 5 கிலோவுக்கு மேல். சாதாரண கழுத்துப் பட்டையில் மாட்டினால் கழுத்துதான் போகும். தோள், முதுகு இரண்டிலும் எடையைப் பகிரும் ஹார்னஸ் ஆடம்பரம் இல்லை, அவசியம். உட்கார்ந்து வாசிக்க, சில மாடல்களில் தரையில் ஊன்றும் கம்பியும் உண்டு.

இன்னொன்று... வாங்குவதற்கு முன்னால் கேஸோடு ஒருமுறை தூக்கிப் பாருங்க. தினமும் பஸ்ஸில் இதோடு ஏற முடியுமா? மாடிப்படி ஏற முடியுமா? விமானத்தில் கேபின் பையாக இது போகாது. வகுப்பு ஒரு ஊரிலும் வீடு ஒரு ஊரிலும் இருந்தால், இதையும் யோசித்துத்தான் முடிவெடுக்கணும்.

வாங்கியாச்சு, அப்புறம்?

நம்ம கடலோர ஊர்களின் ஈரக்காற்றுக்கு பேட் சீக்கிரம் பிசுபிசுக்கும், ரீடில் பூஞ்சை பிடிக்கும். வாசித்து முடித்ததும் தண்ணீரை வடித்து, துணியால் உள்ளே துடைத்து, கொஞ்சம் காற்றாட விட்ட பிறகே கேஸில் வைங்க. மவுத்பீஸை வெறும் தண்ணீரில் கழுவினால் போதும், சுடுதண்ணீர் வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை ரிப்பேர்காரரிடம் காட்டிவிடுங்க.

அப்புறம் ஒருநாள், நேற்று வரை வந்த அடி ஸ்வரம் திடீரென்று வராமல் போகும். 'நமக்குத் திறமை போதல' என்று உடனே மூடி வைத்துவிடாதீங்க. அறையை இருட்டாக்கி, அந்த எல்.இ.டி ஸ்ட்ரிப்பை உள்ளே விட்டுப் பாருங்க. எங்கேயோ ஒரு பேட் ஓரத்தில் மெல்லிசாக ஒரு கோடு வெளிச்சம் தெரியும். அதை அடைத்துவிட்டு மறுபடி ஊதுங்க பாஸ், பெஞ்ச் அதிரும்!