தானே முறுக்கேறும் கடிகாரம்

காலையில் எழுந்ததும் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது ஒரு காலத்தில் வீடுதோறும் இருந்த வழக்கம். ஒரு நாள் மறந்தால் மறுநாள் முள் நின்றுவிடும். சாவி கொடாமலே ஓடும் கடிகாரத்தைக் காண மனிதன் முயன்ற வரலாறு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

சுவிட்சர்லாந்தில் லெ லோக்கிள் என்றோர் ஊர் உண்டு. அவ்வூர்க் கடிகாரக் கம்மியர் ஆபிரகாம் லூயி பெர்ரெலே, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தாலே முறுக்கேறும் கடிகாரம் ஒன்றை அமைத்தார். கால் மணி நேரம் நடந்தால் அது எட்டு நாள் ஓடும் என்று 1777-இல் ஜெனீவாக் கலைக் கழகத்தார் குறித்தனர். சில ஆண்டுகளில் பாரிஸ் நகரத்துப் பிரெகேயும் அவ்வகைக் கடிகாரங்களைச் செய்தார். எனினும் அவை பரவவில்லை. விலையோ மிகுதி, சட்டைப்பையில் கிடக்கும் பொருளுக்கு அசைவோ குறைவு.

1914-இல் மூண்ட முதல் உலகப் போர், கடிகாரத்தைப் பையிலிருந்து மணிக்கட்டுக்கு ஏற்றியது. கை ஓயாமல் அசைவது. ஆனால் தூசியும் ஈரமும் படுவதும் கைதான். போருக்குப் பின் கடிகாரம் பழுதுபார்த்துவந்த ஆங்கிலேயர் ஜான் ஹார்வுட், சாவிக் குமிழ் நுழையும் சிறு துளையின் வழியே அழுக்கு உள்ளே புகுந்து பொறியைக் கெடுப்பதைக் கண்டார். துளையை அடைக்க வேண்டுமானால் குமிழ் இருத்தலாகாது. குமிழ் இல்லையேல் கடிகாரம் தானே முறுக்கேற வேண்டும். இந்த எண்ணமே அவருக்கு வழி காட்டிற்று. உள்ளே ஓர் எடை இப்புறமும் அப்புறமும் ஆடிச் சுருள்வில்லை முறுக்குமாறு செய்தார். முகப்பைச் சுற்றிய வளையத்தைத் திருப்பி முட்களை நகர்த்த வழி வகுத்தார். 1924-இல் சுவிஸ் காப்புரிமை கிடைத்தது.

ஆனால் உலகப் பொருளாதார மந்தம் குறுக்கிட்டது. 1931-இல் அவரது நிறுவனம் வீழ்ந்தது. அதே ஆண்டில் ரோலக்ஸ் நிறுவனம், முழு வட்டமாகச் சுழலும் எடையைக் கைக்கடிகாரத்தில் பொருத்திப் புகழ் பெற்றது. ஹார்வுட்டின் பெயர் மங்கியது. 1956-இல் அந்நிறுவனமே தன் விளம்பரம் ஒன்றில் அவர் படத்தை இட்டு, முன்னோடி அவரே என்று ஒப்புக்கொண்டது. காலம் தாழ்ந்தாலும் உண்மைக்கு உரிய இடம் கிடைத்தது.

1969-இல் ஜப்பானில் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தபின், மலிவும் துல்லியமும் மின்கலத்தின் பக்கம் சேர்ந்தன. தானியங்கிக் கடிகாரம் பெரும்பாலும் அருமை பாராட்டும் ஆடம்பரப் பொருளாயிற்று. அதனைப் பேணும் முறை, அதன் அமைப்பை அறிந்தார்க்கு எளிது. கையில் கட்டியிருந்தால் அது ஓடும். கழற்றி வைத்தால் பெரும்பாலும் இரண்டொரு நாளில் நிற்கும். நின்றதைக் குலுக்க வேண்டா. இக்காலத்துக் கடிகாரங்கள் பலவற்றில் குமிழ் உண்டு, அதை முப்பது முறை மெல்லத் திருகிக் கட்டிக்கொண்டால் போதும். மிகுதியாக முறுக்கினால் வில் அறுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. அட்ரியன் பிலிப் 1863-இல் கண்ட உபாயத்தால், முறுக்கு நிரம்பியதும் வில்லின் வெளிமுனை உறையின் சுவரில் வழுக்கிவிடும். நள்ளிரவை ஒட்டிய சில மணி நேரத்தில் தேதியை மாற்றலாகாது. அப்போது தேதிச் சக்கரத்தின் பற்கள் கவ்விக்கொண்டிருக்கும். காந்தத்தின் அருகே வைத்தலும் தகாது. உள்ளே இட்ட எண்ணெய் நாளடைவில் வறளுமாதலால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்த கம்மியரிடம் கொடுத்துத் துடைத்து எண்ணெயிடுதல் வேண்டும்.

மாணவர்களே! தானே ஓடுவது என்று நாம் சொல்லும் இக்கடிகாரம் உண்மையில் நம் கையசைவால் ஓடுகிறது. அதற்கு வழி கண்டவர், எல்லோரும் அழுக்கைத் துடைத்துவிட்டுப் போன இடத்தில், அழுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டவர். அக்கேள்வியைக் கேட்கும் பழக்கம் உங்களுக்கும் வாய்க்கட்டும்.