குப்பைக்குழியிலிருந்து பூந்தொட்டிக்கு

தொண்டாமுத்தூர் வட்டாரத்துத் தோட்டத்துச் சாளைகளில் வளர்ந்தவர்களுக்குக் குப்பைக்குழி புதிதன்று. கட்டுத்தரைச் சாணம், மாடு கழித்த சோளத்தட்டு, அடுப்புச் சாம்பல், காய்த்தோல் யாவும் அதில் சேரும். ஆடிப்பட்டத்துக்கு முன் வண்டி கட்டிக் குப்பை அடிப்பார்கள்.

அந்தப் பழக்கத்தில் நானும் என் வீட்டுக் காய்த்தோலை ஒரு மூடிய வாளியில் சேர்த்தேன். பத்தே நாளில் நாற்றம் எழுந்தது. அதை இட்ட ரோஜாச் செடியும் பழுத்து வாடியது. குழியில் எருவாகும் பொருள் வாளியில் ஏன் அழுகிற்று? விடை எரு தயாரித்த வரலாற்றிலேயே இருக்கிறது.

எருவின் பயனை அளந்தறியும் முயற்சி கோவையிலேயே முன்னரே நடந்தது. அங்குள்ள வேளாண்மைக் கல்லூரியில் 1909-இல் தொடங்கிய நிலையான உரச் சோதனை நூறாண்டுகளைக் கடந்தது. ஆனால் நல்ல எருவை விரைவாகச் செய்வது எப்படி என்பது தனிக் கேள்வி.

இந்தூரும் பெங்களூரும்

1905-இல் இந்தியாவுக்கு வந்த ஆல்பர்ட் ஹோவர்டு, 1924 முதல் 1931 வரை இந்தூரில் இக்கேள்வியை ஆராய்ந்தார். அவருடன் உழைத்தவர் யஷ்வந்த் வாட். உழவர்களின் வழக்கங்களையும் சீனர்களின் எரு முறையையும் அவர்கள் கருத்துடன் கற்றனர். ஆழம் குறைந்த அகன்ற குழியில் செத்தை, சாணம், சிறுநீர் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கினர். ஏறத்தாழ பதினாறாம் நாள், ஒரு மாதம், இரண்டு மாதம் என மூன்று முறை கிளறிவிட்டனர். மூன்று மாதத்தில் எரு கிடைத்தது. இருவரும் சேர்ந்து எழுதிய நூல் 1931-இல் வெளிவந்தது.

இம்முறைக்குக் கூலியாட்கள் நிறைய வேண்டும். கிளறும்போது தழைச்சத்தில் ஒரு பகுதி காற்றோடு போகும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சி. என். ஆச்சார்யா 1939-இல் வேறு வழி காட்டினார். நகரக் குப்பையையும் மலக்கழிவையும் குழியில் அடுக்கி, மண்ணால் மூடிவிட வேண்டும். கிளறும் வேலை இல்லை. முதல் சில நாட்கள் சூடேறும்; பின்னர் காற்றின்றி மெல்ல மட்கும். இதற்கு ஆறு முதல் எட்டு மாதம் பொறுக்க வேண்டும்.

சூட்டின் கணக்கு

இரு முறைகளிலும் தொடக்கத்தில் குப்பை சூடேறுவதைக் கவனியுங்கள். நுண்ணுயிர்கள் கழிவை உண்ணும்போது வெப்பம் பிறக்கிறது. பெரிய குவியலின் உள்ளே அது 60 பாகை செல்சியசையும் தாண்டும். நோய்க் கிருமிகளும் களை விதைகளும் அதில் மடியும்.

வெப்பம் பிறப்பது பருமனில், வெளியேறுவது பரப்பில். பக்கத்துக்கு 1 மீட்டர் உள்ள கனச் சதுரக் குவியலின் பரப்பு 6 சதுர மீட்டர், பருமன் 1 கன மீட்டர். அதாவது ஒரு கன மீட்டருக்கு 6 சதுர மீட்டர் பரப்பு. பக்கத்துக்கு 20 சென்டிமீட்டர் உள்ள பெட்டிக்கோ இது 30! சிறு பெட்டி ஐந்து மடங்கு எளிதாக வெப்பத்தை இழந்துவிடும். ஆகவே வீட்டு வாளி பெரிதாகச் சூடேறாது. என் வாளியில் காற்றும் புகவில்லை. நீர் மிகுந்த தோல் அழுகிப் புளித்தது. மட்காத அக்கழிவு மண்ணிலிருந்த ஆக்சிஜனையும் தீர்த்து வேரைத் திணறடித்தது.

சூடு கிடைக்காத இடத்தில் காற்றும் காலமும் கைகொடுக்க வேண்டும். பக்கவாட்டிலும் அடியிலும் துளையிட்ட மண்பானையே போதும். ஒரு பங்கு காய்த்தோலுக்கு இரண்டு பங்கு சருகு அல்லது தென்னைநார்த் துகள் இடுங்கள். வாரம் ஒருமுறை கிளறுங்கள். எண்ணெய்ப் பண்டமும் மீனும் வேண்டா. பிழிந்தால் நீர் சொட்டாத ஈரமே அளவு.

நாலைந்து மாதத்தில் கழிவு கறுத்து உதிரும். மழை நனைத்த மண்ணின் மணம் வரும். அப்போதுதான் தொட்டி மண்ணோடு நாலில் ஒரு பங்காகக் கலக்கலாம். அதிலிருந்து தக்காளி நாற்று ஒன்று முளைத்தால் வியக்க வேண்டா. விதையைக் கொல்லும் சூடு நம் பானைக்கு வரவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.