பந்தியும் வாசலும்



நம்மில் பலர் விடுதிச் சோற்றில் படித்து வந்தவர்கள். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தகரப் பெட்டியோடு விடுதி வாசலில் நின்ற முதல் நாளை யாரும் மறந்திருக்க மாட்டோம். விடுதி என்பது உண்ணவும் உறங்கவும் மட்டுமான இடமா? இந்தக் கேள்வியோடுதான் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் விடுதிக் கல்லூரிகளின் வரலாற்றை இன்று நாம் படிக்கிறோம்.

அங்கே கல்லூரிதான் மாணவரின் வீடு. தங்குவதும் உண்பதும் அங்கேதான். தேர்வும் பட்டமும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. ஆக்ஸ்ஃபோர்டின் யூனிவர்சிட்டி, பேலியல், மெர்ட்டன் ஆகிய மூன்றும் 13ஆம் நூற்றாண்டில் தோன்றியவை. மூன்றில் மூத்தது எது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இந்தப் போட்டி ஆற்றிலும் இறங்கியது. ஆறு குறுகல் என்பதால் படகுகள் அருகருகே ஓட முடியாது. ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முன்னால் போகும் படகை எட்டி முட்டினால் மறுநாள் அதன் இடம் நமக்கு. இந்த ஆண்டு முடித்த இடத்திலிருந்தே அடுத்த ஆண்டு தொடங்க வேண்டும். கரையில் நின்று தன் கல்லூரிக்காகத் தொண்டை கிழியக் கத்திய மாணவனின் மகிழ்ச்சியை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

ஆனால் கரையிலிருந்து கல்லூரியின் உணவுக்கூடத்துக்குள் போவோம். பிரபு வீட்டுப் பிள்ளையின் தொப்பியில் தங்கக் குஞ்சம் தொங்கியது. ஏழை மாணவனின் அங்கி வேறு. கேம்பிரிட்ஜில் அவனுக்கு ‘சைசர்’ என்று பெயர். கட்டணச் சலுகைக்கு ஈடாக அவன் மற்றவர்களுக்குப் பணிவிடை செய்தான், பந்தியில் பரிமாறினான், மேல்மேசையில் மிஞ்சியதை உண்டான். ஐசக் நியூட்டன் 1661இல் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தது இந்த வரிசையில்தான். உடையிலும் உணவிலும் படிவைத்துப் பிரிக்கும் இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. நியூட்டன் 1667இல் அதே கல்லூரியின் ஆய்வாளராகி மேல்மேசையில் அமர முடிந்தது. சாதியின் பந்தியில் படிப்பு ஏறினாலும் இலை இடம் மாறுவதில்லை.

உள்ளே இருந்தவர்களின் நிலை இது. வாசலுக்கு வெளியே நின்றவர்கள் கதை வேறு. 1581 முதல் ஆக்ஸ்ஃபோர்டில் சேரவே இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்றுக் கையெழுத்திட வேண்டியிருந்தது. மாற்றுச் சபையினருக்கும் கத்தோலிக்கருக்கும் யூதருக்கும் கதவு மூடியே கிடந்தது. இந்தத் தடைகள் பெருமளவு விலக 1871ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பெண்களின் கதை இன்னும் கொடியது. கேம்பிரிட்ஜில் பெண்களுக்கான கர்ட்டன் கல்லூரி 1869இலும் நியூனம் 1871இலும் தொடங்கின. பெண்கள் படித்தார்கள், தேர்வும் எழுதினார்கள். பட்டம் மட்டும் இல்லை. 1897இல் அதற்கான தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, மிதிவண்டியில் அமர்ந்த பெண்ணின் உருவபொம்மையை வீதிக்கு மேலே தொங்கவிட்டார்கள். தீர்மானம் தோற்றது. மீண்டும் 1921இல் வாக்கெடுப்பு முடிந்ததும் ஆண் மாணவர்கள் கூட்டமாகப் போய் நியூனம் கல்லூரியின் வாயிற்கதவைக் கைவண்டியால் இடித்துச் சிதைத்தார்கள். கேம்பிரிட்ஜில் பெண்களுக்கு முழுப் பட்டம் 1948இல்தான் கிடைத்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆற்றில் ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளிய கல்லூரிகளின் பிள்ளைகள், பெண்கள் உரிமை கேட்டபோது பகையை மறந்து ஒன்று சேர்ந்தார்கள். தனக்குச் சமமானவன் என்று ஒப்புக்கொண்டவனோடுதான் மனிதன் போட்டி போடுகிறான். மற்றவர்களுக்கு அவன் கதவைச் சாத்துகிறான். நம் ஊர்களில் தங்களுக்குள் அடித்துக்கொள்ளும் சாதிகள், சேரிக்கு எதிராக மட்டும் ஒரே அணியாவதை நாம் பார்க்கவில்லையா?

1913இல் நியூயார்க் போய்ச் சேர்ந்த அம்பேத்கர், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லிவிங்ஸ்டன் ஹால் விடுதியில் தங்கினார். அங்கே அவருக்கு நண்பரானவர் நவல் பதேனா என்ற பார்சி இளைஞர். 1917இல் பரோடாவுக்கு அரசுப் பணிக்கு வந்த அதே அம்பேத்கருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மறைத்துத் தங்கியவரைத் தடிகளோடு வந்த கும்பல் வெளியேற்றியது. போக்கிடமின்றிப் பொதுப் பூங்காவில் அமர்ந்து அவர் அழுதார். 1924இல் அவர் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, மறு ஆண்டே சோலாப்பூரில் நம் மாணவர்களுக்கு விடுதி திறந்தது தற்செயல் அல்ல. கூரை இல்லாதவனுக்குக் கல்வி இல்லை என்பதை அவர் உடம்பால் அறிந்திருந்தார்.

மாணவர்களே, உங்கள் வளாகத்திலும் விடுதிகளுக்கிடையே கிரிக்கெட் நடக்கும், கலைவிழா நடக்கும். கோப்பையை வெல்லுங்கள். அதற்கு முன் உங்கள் விடுதியின் பெயர் அந்தப் போட்டிப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். உணவுக்கூடத்தில் யார் யாரோடு அமர்கிறார்கள், யார் எழுந்து போகிறார்கள் என்று பாருங்கள். ‘கோட்டா ஹாஸ்டல்’ என்று யாராவது சொன்னால் சிரித்துக் கடந்துவிடாதீர்கள். அங்கேயே கேள்வி கேளுங்கள். விடுதி நமக்கு யாரும் போட்ட பிச்சை அல்ல. நம் முன்னோர் போராடித் திறந்த வாசல் அது. அடுத்து வரும் பிள்ளைக்காக அது திறந்தே இருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை.

ஜெய் பீம்.