ஆல்டர்ஸ்கேட்டுக்குப் பின்பு

1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் வீதியில் ஜான் வெஸ்லியின் இருதயம் அனல்கொண்டதைப் பல பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். நம் பிரசங்கங்கள் அங்கேயே நின்றுவிடும். அதற்குப் பின் நடந்ததையும் கேளுங்கள்.

வெஸ்லி ஒழுங்கிலே வளர்ந்தவர். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், புளுச்சோ ஆகியோரின் ஊழிய வரலாற்றை வாசித்து அசைக்கப்பட்ட அவருடைய தாய் சூசன்னா, ஒவ்வொரு பிள்ளையோடும் வாரத்தில் ஓர் இரவு தனியே ஆத்தும காரியம் பேசலானார். ஜானுக்கு வியாழன். (நம் கடற்கரை ஊழியம் எங்கே போய்த் தொட்டது பாருங்கள்!) ஆக்ஸ்போர்டில் உபவாசம், ஜெபம், சிறைச்சாலைச் சந்திப்பு என்று ஓடினார்; சமாதானம் வரவில்லை. விசுவாசத்தினால் மாத்திரமே இரட்சிப்பு என்பதை மொரேவியரிடம் கற்றார்.

அதே மொரேவியர் கூடிய ஃபெட்டர் லேன் சங்கத்தில் சிக்கல் எழுந்தது. 1739இல் வந்த மொல்தர், முழு விசுவாசம் கிடைக்கும்வரை திருவிருந்தும் வேதவாசிப்பும் வேண்டாம், கர்த்தருக்குக் காத்துச் சும்மா இருங்கள் என்றார். செய்தால் கிரியையை நம்பிவிடுவோமே என்ற பயம். நியாயமான பயம்தான், வெஸ்லியே அப்படி நம்பி அலுத்தவர். ஆனாலும் அவர் இணங்கவில்லை. இவை கூலிக்குச் செய்யும் வேலையல்ல, கிருபை பாயும் வாய்க்கால்கள்; தாகமுள்ளவன் வாய்க்காலண்டை போகாமல் எங்கே போவான்? 1740 ஜூலையில் சிறு கூட்டத்தோடு பிரிந்து ஃபவுண்டரிக்குப் போனார்.

பிறகும் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்தார், பிரசங்கித்தார், பயணித்தார். 1791இல், 87 வயதில், மரணப்படுக்கையில் அவற்றில் ஒன்றையும் எண்ணிக் காட்டவில்லை. தாம் பாவிகளில் பிரதான பாவி, இயேசு தமக்காக மரித்தார் என்றே சொன்னார்.