வலி சொல்லாத கால்

ஊவாத் தோட்டங்களில் மருந்துக்காரராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கவ்வாத்து மலையில் வழுக்கியவர்கள், மழை நாளில் லயத்துப் படியில் விழுந்தவர்கள் என்று கால் முறிவு எனக்குப் பழகிய விஷயம். ஆனால் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இழந்தவரின் கால் முறிவு வேறு விதமானது.

1872இல், கோப்பிக் காலத்திலேயே, தோட்ட மக்களுக்கென்று மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. 1912இல் அதைப் புதிதாக எழுதினார்கள். ஆனாலும் தோட்டத்து வைத்தியத்தின் கவனமெல்லாம் தொற்று நோயில்தான். 1916இல் ரொக்கஃபெலர் நிறுவனம் இலங்கைக்கு வந்ததும் கொக்கிப்புழுவை ஒழிக்கத்தான். எலும்பு முறிந்தால் சனங்கள் பக்கத்துக் கிராமத்து வெதமாத்தயாவை, அதாவது சிங்கள நாட்டு வைத்தியரை, தேடிப் போனார்கள். அவர் விரலால் அமுக்கிக்கொண்டே வருவார். ஆள் துடிக்கும் இடம்தான் முறிவு. எண்ணெய் பூசி, பச்சிலை அரைத்து வைத்து, மூங்கில் பத்தையால் கட்டுவார். கட்டு இறுகினால் ஆளே கத்திவிடுவான். நாங்கள் டிஸ்பென்சரியில் பலகை வைத்துக் கட்டியபோதும், பதுளை ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் போட்டபோதும் வழிகாட்டியது அந்த வலிதான்.

முதுகுத்தண்டு போனவருக்கு அந்த வழிகாட்டி இல்லை. அந்தக் காலத்தில் இவர்களின் கால் முறிவு ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் அவர்களைச் சீக்கிரமே கொண்டுபோய்விடும். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில்லில் லுட்விக் குட்மன் தனிப் பிரிவு தொடங்கிய பிறகுதான், இவர்கள் பல்லாண்டு வாழலாம் என்று உலகம் நம்பியது. நம் நாட்டில் இவர்களுக்கான புனர்வாழ்வு ஆஸ்பத்திரி ராகமையில் இருக்கிறது.

ஆயுள் நீண்டபோது எலும்பு மெலிந்தது. பாரம் தாங்காத காலில் சுண்ணாம்புச்சத்து முதல் ஓரிரு வருடங்களிலேயே வேகமாகக் குறையும். முழங்காலுக்குச் சற்று மேலும் கீழும்தான் அதிகம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது கால் கொஞ்சம் முறுகினால் போதும், உடைந்துவிடும்.

சவுக்கு மரத்தில் கிளை வெட்டப் போய் விழுந்த ஒருவர் ராகமையிலிருந்து லயத்துக்குத் திரும்பியிருந்தார். சில வருடங்களுக்குப் பின் அவர் மனைவி டிஸ்பென்சரிக்கு ஓடி வந்தார். "ஐயா, குளிப்பாட்டுறப்ப பார்த்தேங்க, தொடை வீங்கிச் சூடா இருக்கு. அவருக்கு ஒண்ணுமே தெரியலங்க." எக்ஸ்ரேயில் முழங்காலுக்கு மேலே முறிவு. டொக்டர் இறுக்கமான பிளாஸ்டர் போடவில்லை. உள்ளே குதிகால் புண்ணாகி அழுகினாலும் அவருக்குத் தெரியாதே! பஞ்சு தடிப்பாக வைத்த கட்டு, தினமும் அவிழ்த்துத் தோலைப் பார்ப்பது, அவ்வளவுதான். நடமாடும் ஒருவருக்கு மூன்று நான்கு மாதத்தில் சேர்ந்திருக்கும். இவருக்கு மாதங்கள் இழுத்துக்கொண்டே போயின. கடைசியில் கொஞ்சம் கோணலாகத்தான் சேர்ந்தது. அந்தக் காத்திருப்பு முழுக்க அவரைப் புண்ணில்லாமல் வைத்திருந்தவர் அந்த அம்மாதான். விடிகாலையில் கட்டைச் சரிபார்த்துவிட்டுத்தான் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்குப் போவார்.

பிறகு இப்படிப்பட்டவர் இருக்கும் வீடுகளிலெல்லாம் நான் சொல்லி வந்தேன்: குளிப்பாட்டும்போது இரண்டு முழங்காலையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாகவோ வீங்கியோ இருந்தால் எண்ணெய் தேய்க்காதீர்கள், இழுத்து நிமிர்த்தாதீர்கள். தலையணையோடு சேர்த்து மெதுவாகக் கட்டி, கொழுந்து லொறிதான் கிடைத்தாலும் அதில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோங்கள்.