கசூலே: தென்மேற்குப் பிரான்சின் வீட்டுச் சமையல் வட்டார மரபான வரலாறு

முன்னுரை

தென்மேற்குப் பிரான்சில் துலூஸ், கார்கசோன் ஆகிய நகரங்களுக்கு இடையே லொராகே என்னும் வேளாண் பகுதி இருக்கிறது. காஸ்தல்நோதரி இதன் முக்கிய ஊர்களுள் ஒன்று. காய்ந்த வெள்ளை பீன்ஸ், பன்றி இறைச்சி, கொழுப்பில் பதப்படுத்திய வாத்து ஆகியவற்றை மண்சட்டியில் மணிக்கணக்காக வேகவைத்துச் செய்யும் கசூலே இப்பகுதியின் அடையாள உணவு. இது மிகப் பழமையானது, காலங்காலமாக மாறாதது என்று சொல்வதே வழக்கம். இதன் பொருட்கள், பாத்திரம், அடுப்பு, ஏட்டு வடிவம் ஆகியவற்றைத் தனித்தனியே வரலாற்றில் பொருத்திப் பார்த்தால் அந்தக் கூற்று நிற்பதில்லை. பொருட்கள் மாறி வந்திருக்கின்றன. சமைக்கும் முறைதான் நிலைத்திருக்கிறது. அந்த முறையைக் காத்துத் தந்தவர்கள் வீடுகளில் சமைத்தவர்களே என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

முற்றுகைக் கதையும் பயிர்ச் சான்றும்

நூறாண்டுப் போரின்போது ஆங்கிலேயப் படை காஸ்தல்நோதரியை முற்றுகையிட்டதாகவும், ஊர் மக்கள் வீட்டில் மிஞ்சியிருந்த பயறையும் இறைச்சியையும் ஒரே கொப்பரையில் போட்டுச் சமைத்து வீரர்களுக்கு ஊட்டியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதைக்கு அடியில் வரலாறு உண்டு. கறுப்பு இளவரசர் எனப்பட்ட எட்வர்டின் படை 1355-இல் அவ்வூரைத் தீக்கிரையாக்கியது உண்மை. ஆனால் இன்று கசூலேயில் சேரும் பீன்ஸ் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பசின் 1492-ஆம் ஆண்டுப் பயணத்துக்கு முன் அது ஐரோப்பிய மண்ணில் இல்லை. 1355-இல் அங்கே அப்படி ஒரு சட்டி கொதித்திருந்தால், அதில் வெந்தது ஃபாவா போன்ற பழைய உலகத்துப் பயறாகத்தான் இருக்க முடியும்.

16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்த பீன்ஸ், சிறிது சிறிதாக ஃபாவாவின் இடத்தைப் பிடித்தது. அதே கண்டத்திலிருந்து வந்த மக்காச்சோளமும் தென்மேற்குப் பிரான்சில் வேரூன்றியது. தார்ப் நகரைச் சூழ்ந்த பகுதியில் மக்காச்சோளத் தட்டையே பீன்ஸ் கொடிக்குக் கொழுகொம்பானது. அச்சோளத்தைத் தின்று வாத்துகள் கொழுத்தன. அந்த வாத்து இறைச்சியை உப்பிட்டு, அதன் கொழுப்பிலேயே மெல்ல வேகவைத்து, அதே கொழுப்பில் மூழ்கடித்துச் சேமிப்பதுதான் கோன்ஃபி. குளிர்காலத்துக்கான அச்சேமிப்பு கசூலேச் சட்டிக்கும் போனது. ஆக, இந்த உணவின் இரு தூண்களுமே அமெரிக்கப் பயிர்களுக்குக் கடன்பட்டவை.

சட்டியும் அடுப்பும்

கசூலேக்குப் பெயர் தந்தது கசோல் என்னும் சட்டி. காஸ்தல்நோதரிக்கு அருகிலுள்ள இசெல் கிராமத்துக் குயவர்களின் கைவண்ணம் அது. அடி குறுகி வாய் அகன்ற அதன் வடிவம் சமையலோடு நேரடித் தொடர்புடையது. வாய் அகன்றிருப்பதால் மேற்பரப்பு கூடுகிறது. மேற்பரப்பு கூடினால் பொன்னிற மேலோடும் கூடுதலாகக் கிடைக்கிறது. தடித்த மண்சுவர் வெப்பத்தைச் சீராகப் பரப்புகிறது.

வீட்டுக்கு வீடு அடுப்புப் பெட்டி இல்லாத காலத்தில், நிரப்பிய சட்டியை ஊர் ரொட்டிக் கடையின் அடுப்புக்குக் கொண்டுபோவார்கள். ரொட்டி எடுத்தபின் எஞ்சிய சூட்டில், தணிந்துகொண்டே வரும் வெப்பத்தில், அது மெதுவாக வேகும். கசூலேயின் நிதானத்துக்கு எரிபொருள் சிக்கனமும் ஒரு காரணம். உழைக்கும் குடும்பங்களின் கட்டாயத்திலிருந்து பிறந்த நுட்பம் இது.

ஏட்டில் ஏறிய சமையல்

19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பிரெஞ்சுச் சமையல் நூல்கள் பெரும்பாலும் பாரிசையே நோக்கின. சார்ல் துய்ரான் நீம் நகரில் 1830-இல் வெளியிட்ட நூலும், ரெபூல் மார்செய்யில் 1897-இல் வெளியிட்ட புரோவான்ஸ் சமையல் நூலும் முன்னோடி விதிவிலக்குகள். முதல் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. மோட்டார் பயணம் பெருகியது. குர்னோன்ஸ்கியும் மார்செல் ரூஃபும் 1921 முதல் வட்டாரம் வட்டாரமாக உணவு வழிகாட்டி நூல்களை வெளியிட்டனர். பயணிக்கு ஊர்தோறும் ஓர் அடையாள உணவு தேவைப்பட்டது. வீட்டுச் சட்டி ஊரின் சின்னமானது.

கார்கசோனில் பிறந்த சமையற்கலைஞர் புரோஸ்பேர் மோந்தாஞே, 1929-இல் மூன்று ஊர்களின் கசூலேயையும் கிறித்தவத் திரித்துவத்துக்கு ஒப்பிட்டார்: காஸ்தல்நோதரி தந்தை, கார்கசோன் மகன், துலூஸ் தூய ஆவி. முதலாவது பன்றி இறைச்சியைச் சார்ந்தது. இரண்டாவதில் ஆட்டிறைச்சியும் வேட்டைக் காலத்தில் கௌதாரியும் சேரும். மூன்றாவதில் துலூஸ் சாசேஜ் முதன்மை பெறும். 1966-இல் கூடிய உணவியல் மாநாடு ஒன்று, இறைச்சி குறைந்தது 30 விழுக்காடு, எஞ்சியது பீன்ஸும் சாறும் மசாலாவும் என்று வரையறுத்தது. வீடுதோறும் வேறுபட்ட உணவுக்கு அளவுகோல் வந்தது இவ்வளவு பிந்தித்தான்.

வீட்டு அடுப்பில் செய்முறை

இன்று இதை வீட்டில் சமைப்பவர், பீன்ஸை இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் ஒரு கொதி வந்ததும் அந்நீரைக் கொட்டிவிட்டு, பன்றித்தோல், பூண்டு, வெங்காயம் சேர்த்த சாற்றில் வேகவைக்கிறார். தோலிலுள்ள கொலாஜன் கரைந்து சாற்றுக்குப் பிசுபிசுப்பைத் தருகிறது. மாவு சேர்க்காமலே குழம்பு கெட்டிப்படுவது இதனால்தான். தக்காளி சேர்ப்பவர்கள் அதைப் பின்னால் சேர்ப்பதே நல்லது. புளிப்பு முந்தினால் பீன்ஸ் மென்மையாக நேரமாகும். பிறகு கோன்ஃபியும் வறுத்த சாசேஜும் அடுக்கி, சுமார் 150 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் விட வேண்டும். மேலே படியும் ஏட்டைக் கரண்டியால் உடைத்து உள்ளே அமுக்க, அடியிலிருந்து சாறு ஏறி மீண்டும் ஏடு கட்டும். ஏழு முறை உடைப்பது மரபு. காஸ்தல்நோதரியில் ரொட்டித்தூள் தூவுவதை ஏற்பதில்லை. பீன்ஸின் மாவும் கொழுப்புமே அந்த ஏட்டை உருவாக்கப் போதும்.

முடிவுரை

ஃபாவா போய் பீன்ஸ் வந்தது. ரொட்டிக் கடை அடுப்பு போய் மின்னடுப்பு வந்தது. மண்சட்டி, தணிந்த சூடு, உடைத்து அமுக்கும் ஏடு ஆகியவை நீடித்தன. 2010-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் பிரெஞ்சு உணவை ஏற்றபோதும், தனியொரு பதார்த்தத்தை அல்லாமல் குடும்பமும் நண்பர்களும் கூடி உண்ணும் விருந்து வழக்கத்தையே அங்கீகரித்தது. ஆகவே வட்டார உணவை ஆராய்வோர் அச்சிட்ட செய்முறையை மட்டும் மூலமாகக் கொள்வது போதாது. வீட்டுக்கு வீடு மாறும் வடிவங்களைப் பிழைகளென ஒதுக்காமல் முதன்மைச் சான்றுகளாகப் பதிவுசெய்ய வேண்டும். அவை பதிவாகாமல் போனால், ஒரு மாநாட்டின் விழுக்காட்டுக் கணக்கே அந்த உணவின் முழு வரலாறாக எஞ்சிவிடும்.