கடலின் இரைச்சலைப் படித்தவர்

நம் ஊரில் இசிஇ படித்தவர்களுக்கு ஹேக்கின் என்றால் 'கம்யூனிகேஷன் சிஸ்டம்ஸ்' என்ற தடித்த பாடப்புத்தகம்தான். அதை எழுதிய சைமன் ஹேக்கின், ரேடார் ஆராய்ச்சியில் தனித் தடம் பதித்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

1931-ல் பிறந்தார். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 1956-ல் முனைவர் பட்டம் பெற்றார். 1966-ல் கனடாவுக்குப் போய் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அந்த நாட்டின் கிழக்குக் கடல்தான் அவருக்குப் பெரிய கேள்வி ஒன்றைக் கொடுத்தது.

பனிப்பாறையிலிருந்து உடைந்து மிதந்து வரும் சிறு துண்டுக்கு மாலுமிகள் வைத்த பெயர் குரௌலர். நீருக்கு மேலே ஒரு மீட்டர்கூடத் தெரியாது. பெரும்பகுதி அடியில்தான் இருக்கும். ஆனால் கப்பலைப் பதம் பார்த்துவிடும். ரேடார் அலை அதில் பட்டுத் திரும்பத்தான் செய்கிறது. கடல் அலைகளில் பட்டுத் திரும்பும் எதிரொலிகளோ அதை விழுங்கிவிடுகின்றன. இந்தக் கடல் எதிரொலிக்குப் பெயர் கிளட்டர். அதைத் தவிர்க்க, ரேடார் பொருட்படுத்தும் எதிரொலியின் குறைந்தபட்ச அளவை உயர்த்தினால், குரௌலரும் சேர்ந்தே மறைந்துவிடும். அப்படியானால் முதலில் கிளட்டரையே ஆழமாகப் படிக்க வேண்டும் என்றார் ஹேக்கின்.

அதற்காகவே அவருடைய குழு உருவாக்கியது ஐபிக்ஸ் ரேடார். 1993 நவம்பரில் நோவா ஸ்கோஷியாவின் டார்ட்மவுத் அருகே, அட்லாண்டிக்கைப் பார்த்த செங்குத்தான கரைமேல் அதை நிறுத்தினார்கள். கடலில் இலக்காக மிதந்தது ஒரு மீட்டர் விட்டமுள்ள தெர்மாகோல் உருண்டை. ரேடார் அலையைத் திருப்பி அனுப்புவதற்காக அதன்மேல் கம்பி வலை சுற்றியிருந்தது. ரேடார் அனுப்பியது விநாடிக்கு 1000 துடிப்புகள். ஒவ்வொரு பதிவும் இரண்டு நிமிடத்துக்குச் சற்றே அதிகம். அந்தத் தரவை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். கிளட்டரை வெல்லப் புது வழி கண்டவர்கள் இன்றும் அதில்தான் உரசிப் பார்க்கிறார்கள்.

கிளட்டர் வெறும் தற்செயல் இரைச்சல் அல்ல, அதன் அடியில் கேயாஸ், அதாவது தாறுமாறாகத் தோன்றினாலும் திட்டமான விதிகளுக்குக் கட்டுப்பட்ட இயக்கம், இருக்கிறது என்று 1990-களில் ஹேக்கின் வாதிட்டார். அறிவியல் உலகம் அதை ஆர்வத்தோடு வாசித்தது. ஆனால் 2002-ல் சக ஆய்வாளர்களோடு அதே கேள்வியை மறுபடி எடுத்து அலசியபோது, கேயாஸ்தான் என்று முடிவுகட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று அவரே எழுதினார். பெயர் பெற்றுத் தந்த கருத்தை எழுபது வயதில் மறுபரிசீலனைக்கு எடுப்பதற்குப் பெரிய மனது வேண்டும்.

அதோடு ஓய்ந்துவிடவில்லை. 2006-ல் 'காக்னிட்டிவ் ரேடார்' என்ற கருத்தை முன்வைத்தார். இரையை நெருங்க நெருங்க வௌவால் தன் ஒலியை மாற்றிக்கொள்கிறது. ரேடாரும் திரும்பி வரும் எதிரொலியிலிருந்து கற்று, அடுத்து அனுப்பும் அலையை மாற்ற வேண்டும் என்றார். இன்று அது தனி ஆய்வுத் துறையாகவே வளர்ந்திருக்கிறது.

அவருடைய 'அடாப்டிவ் ஃபில்டர் தியரி' 1986-ல் வெளியானது. பிழையை அளந்து, அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் வடிகட்டிகளைப் பற்றிய நூல் அது. மாணவர்களுக்கு அதைச் சமன்பாடுகளில் சொல்லிக்கொடுத்தவர், தன் ஆராய்ச்சியிலும் அப்படியே நடந்துகொண்டார். நல்லாசிரியருக்கு இதைவிட வேறு இலக்கணம் தேவையில்லை.